ப்ளேனோவுக்குப் போன கவர்னருக்கு

அன்புள்ள நவீன்,

இன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் செய்த காரியம், வாட்ஸ்அப்பில் நீல டிக் காட்டுவதை நிறுத்தியது. பல் துலக்கவில்லை, காபிக்குப் பால் வைக்கவில்லை. படுக்கையில் உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டு, அதை எங்கே போய் நிறுத்துவது என்று தேடிக் கண்டுபிடித்தேன். அதன் பிறகுதான் உன் சேகர் மாமா அனுப்பியிருந்த செய்தியைத் திறந்தேன். செங்கல் முகப்பு வைத்த ஒரு வீடு. அதன் வாசலில் வித்யா அத்தையும் நிலாவும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே எழுதியிருந்தான்: “அக்கா, வெள்ளிக்கிழமை சைனிங். நிலாவுக்கு மாடி ரூம். மச்சானையும் கூட்டிக்கிட்டுப் பால் காய்ச்ச வந்துருங்க. ஆபீஸுக்குப் பக்கந்தான்.” என் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுப் படிக்காதவள்போல் இருக்க, இந்த நாற்பத்தெட்டு வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீ ப்ளேனோவுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் கம்பெனி, பல வருடங்களாகத் தன்னோடு போட்டி போட்ட கம்பெனியை விலைக்கு வாங்கியது. அவர்களுடைய டெக்சஸ் ஆபீஸைப் பொறுப்பேற்று உங்களுடையதோடு இணைக்க உன்னை அனுப்பியது. இருபத்தைந்து வயதில் எவ்வளவு பெரிய பொறுப்பு என்று உன் அப்பா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். நான் மட்டும் யாருக்கும் போன் போடவில்லை. ஏனென்றால் அந்த ஆபீஸில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறவர்களில் உன் மாமாவும் ஒருவன்.

சேகருக்கு மட்டும் அது வேடிக்கையாக இருந்தது. நீ எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசிய அன்று மாலையே கூப்பிட்டான். “அக்கா, என்ற மாப்ளை கோட்டுப் போட்டுக்கிட்டு மைக்கைப் புடிச்சு நிக்கறான். பக்கத்துல ஸ்டீவ்னு எங்க ஆபீஸ்காரன் ஒருத்தன், பேனா மூடியக் கழட்டிக் கழட்டி மாட்டறான். எனக்கு என்ன ஞாபகம் வருதுன்னா, கரூர்ல காது குத்தறப்ப என்ற மடியில உக்காந்து இவன் என் புது வேட்டிய நனைச்சுப் போட்டான் பாரு, அதுதான் வருது.”

“டேய், அங்க யார்கிட்டயும் இதைச் சொல்லித் தொலைக்காத.”

“சொல்வனா? நான் யாருன்னே அங்க யாருக்கும் தெரியாது. மாமன்னு தெரிஞ்சா அவனுக்குத்தான் கெட்ட பேரு. ஆனா ஒன்னுக்கா, காரிடார்ல பாத்துட்டு ‘ஹாய் சேகர்’ங்கறான். ஒரு நிமிசம் யாரைக் கூப்புடறான்னே தெரியல. நானும் ‘ஹாய் நவீன், ஹவ் ஆர் யூ டுடே’ன்னு சொல்லிட்டு, பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: “இங்க எதுவும் மாறாதுன்னு சொல்லிட்டான்க்கா. வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மாப்ளையே சொல்லிட்டான். இனி தைரியமா வீட்டைப் பாக்கலாம்.”

அந்த வீடுதான் இந்த வீடு. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன், “மாமா பாத்திருக்கற வீடு ஆபீஸுக்கு ரொம்பப் பக்கமாம்டா.”

உன் ஸ்பூன் பாதியில் நின்றது. “எந்த ஆபீஸுக்கு?”

“அவன் ஆபீஸுக்குத்தான். உன் ஆபீஸ்.”

“அம்மா, அக்டோபருக்கு அப்புறம் அங்க ஆபீஸே…” என்று இழுத்துவிட்டு நிறுத்தினாய். “நத்திங். ஐ டிட்ன்ட் சே எனிதிங்.”

“மூடறாங்களா நவீன்?”

“அம்மா, ப்ளீஸ். இட்ஸ் கான்ஃபிடென்ஷியல். எனக்கே போன வாரம்தான் தெரியும். மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாத. ப்ராமிஸ் மீ.”

“சரி” என்று சொன்னேன். அதன் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உடம்புக்கு என்ன என்று உன் அப்பா கேட்கிறார், அசிடிட்டி என்கிறேன். சேகருடைய விசா அந்த வேலையோடு முடிச்சுப் போட்டது. கிரீன் கார்டு வரிசையில் உன் தாடி முளைப்பதற்கு முன்பிருந்து நிற்கிறான். வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். நிலா அடுத்த வருடம் பள்ளி முடிக்கிறாள். இதற்கு மேல் வெள்ளிக்கிழமை ஒரு கையெழுத்தைப் போட்டு, முப்பது வருடக் கடனோடு ஒரு வீட்டையும் தலையில் ஏற்றிக்கொள்ளப் போகிறான். ஏற்றிக்கொள்ளச் சொன்னது யார் என்று கேட்டால், அவனைப் பொறுத்தவரை நீதான்.

உன்னிடம் அன்றே ஒன்று கேட்டேன், மாமா அங்கே இருப்பதைக் கம்பெனியில் சொல்லிவிட்டாயா என்று. உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கத்தான் கேட்டார்கள் என்றாய். ஆனால் பெற்றோர், கூடப்பிறந்தவர், மனைவி, பிள்ளை, அவ்வளவுதான் கேட்டார்கள் என்றாய். “மாமா இமீடியட் ஃபேமிலி இல்லம்மா.” நம் வழக்கப்படி அவன் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர் இருக்கிறது, உன் பெயருக்குப் பின்னால் உன் அப்பாவின் பெயர். பார்க்கிற எந்த அமெரிக்கனுக்கும் நீங்கள் இரண்டு அந்நியர்கள். நீ பொய் சொல்லவில்லை, தெரியும். ஆனால் நவீன், நமக்குத் தாய்மாமன் யார் என்று நான் உனக்குச் சொல்லித் தர வேண்டுமா? உனக்குக் காது குத்த மடி கொடுத்தவன். நாளைக்கு உன் கல்யாணத்தில் அவன் மாலை எடுத்துக் கொடுக்காமல் நீ மணவறையில் உட்கார முடியாது. அவர்கள் கேட்கவில்லை என்பதால் அவன் உனக்கு இல்லாமல் போய்விடுவானா? எனக்கு இதில் பயமாக இருப்பது இதுதான். நீ அவனைக் காப்பாற்றினால் உறவுக்காகச் செய்தாய் என்பார்கள். காப்பாற்றாவிட்டால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்பது?

இந்த மூன்று நாளும் எனக்கு உன் நான்காம் வகுப்புதான் ஞாபகம் வருகிறது. நியூ ஜெர்சி வரலாறு என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். நாம் தினமும் ஜர்னல் ஸ்கொயர் ரயிலுக்கு நடந்துபோகிற வழியில் இருக்கிற பெர்கன் சதுக்கத்தை நீ எடுத்துக்கொண்டாய். இன்று அது பேருந்துகள் திரும்புகிற ஒரு சாதாரண நாற்சந்தி. முன்னூறு வருடத்துக்கும் முன்னால் டச்சுக்காரர்கள் அதைச் சுற்றி மரவேலி அடித்து ஒரு கிராமம் போட்டார்கள். வேலி பழசாவதற்குள் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தன. சண்டையே இல்லாமல் மொத்தக் காலனியும் கை மாறியது. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நீ கேட்டாய், நான் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன். அட்டையில் வேலி வெட்டி ஒட்டினோம். அப்போதுதான் அமெரிக்கா வந்து நம் சோபாவில் படுத்துக் கிடந்த சேகர், டச்சுக் குடியானவன் வேஷம் கட்டினான். நீ ஆங்கிலேய கவர்னர்.

நீ நாற்காலி மேல் ஏறி நின்று நிபந்தனைகளைப் படித்தாய். வீடும் நிலமும் அவரவருக்கே. கோயிலும் மொழியும் அவரவர் இஷ்டம். சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும் பழைய வழக்கப்படியே. போக விரும்புகிறவன் சாமான்களோடு போகலாம். இருக்கிறவன் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். “டூ யூ ஸ்வேர்?” என்றாய்.

“சத்தியம் பண்றனுங்க கவர்னர். ஆனா ஒரு கண்டிசன். நாளைக்கு எங்க ஊர்க்காரனோட சண்டை வந்தா என்னையத் துப்பாக்கி தூக்கச் சொல்லப்படாது.”

நீ புத்தகத்தைப் புரட்டினாய். அப்படி ஒரு நிபந்தனை உண்மையிலேயே இருந்தது. “ஓகே. அக்செப்டட்.” பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாய், ஏனென்றால் கொஞ்ச வருடம் கழித்து டச்சுக் கப்பல்கள் திரும்ப வந்துவிட்டன. “இப்ப டச்சு வந்தாச்சு. ஸ்வேர் அகெய்ன்.”

“இப்பத்தானடா பண்ணேன்?”

“ஸ்வேர்!”

பண்ணினான். ஒரு பக்கம் தள்ளி ஆங்கிலேயர்கள் மறுபடியும் வந்தார்கள். “மாமா, ஸ்வேர்.” சேகர் சோபாவிலேயே சாய்ந்துவிட்டான். “டேய் மாப்ளே, இந்த ஊர்ல நான் வெள்ளாமை பண்றதா, சத்தியமே பண்ணிக்கிட்டுக் கெடக்கறதா?” அன்று நான் சப்பாத்தி மாவுக் கையோடு சிரித்தேன். இப்போது நினைத்தால் அதுதான் மொத்த விஷயமும் என்று தோன்றுகிறது. மேலே எந்தக் கொடி பறக்கிறது என்பது அந்தக் கிராமத்துக்காரனுக்கு அவ்வளவு பெரிய கவலையாக இருந்திருக்காது. இந்த வருடம் விதைத்ததை நானே அறுப்பேனா என்பதுதான் அவன் கேள்வி.

நீ கல்லூரிக்குப் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. நூலகத்தில் இந்தக் கதையின் மிச்சத்தை எடுத்துப் படித்தேன். கவர்னருக்குப் பெரிய தலைவலி அந்த டச்சுக்காரர்களிடமிருந்து வந்திருக்கும் என்றுதானே நினைப்பாய்? அவர்கள் பெரும்பாலும் தங்கள் மொழியில் பிரார்த்தனை செய்துகொண்டு சும்மா இருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலும் பெர்கனில் அவர்களுடைய தேவாலயத்தில் டச்சு கேட்டிருக்கிறது. கலகம் செய்தது ஆங்கிலேயர்கள்தான். காரணம் ஒரு வாக்குறுதி. காலனியைக் கைப்பற்றிய அதிகாரி, வாருங்கள், நிலம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தன் நாட்டுக்காரர்களுக்கு உறுதி கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம், அவருடைய எஜமான் அந்த நிலம் முழுவதையும் தன் நண்பர்கள் இரண்டு பேருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். இங்கே இருந்தவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த இரண்டு பேர் அனுப்பிய புது கவர்னர் வந்து வாடகை கேட்டபோது, மரம் வெட்டி வயல் போட்டிருந்தவர்கள், நாங்கள் எதை நம்பி வந்தோமோ அதை முதலில் சொல் என்றார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது உன்னை நினைக்கவில்லை. இப்போது உன்னைத் தவிர வேறு யாரையும் நினைக்க முடியவில்லை. எதுவும் மாறாது என்று நீ மைக்கில் சொன்ன அன்று உனக்கும் ஒன்றும் தெரியாது. அதுவரை உன் மேல் குற்றமில்லை. போன வாரம் தெரிந்துவிட்டதே. அதற்குப் பிறகு நீ பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும், அந்தப் பழைய வார்த்தையை நீயே மறுபடியும் சொல்வதுபோலத்தான்.

நான் வேலை பார்த்த பேங்கை வேறு பேங்க் வாங்கியது உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம், நீ அப்போது ஏழாவது. முதல் நாள் புது நிறத்தில் கப்கேக் வைத்தார்கள். நாம் இனி ஒரே குடும்பம் என்று ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டிவிட்டு, அவரவர் மேசைக்குப் போய் ரெஸ்யூமேயைத் திறந்தோம். எங்கள் குழுவுக்கு வந்த புது மேனேஜர் டயான் மட்டும் கேக் பக்கமே போகவில்லை. கான்ட்ராக்டில் இருந்த எங்களைத் தனியே கூப்பிட்டு, “இந்த வருஷ முடிவு வரைக்கும் உங்கள் வேலை உறுதி. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. தெரியும் அன்றைக்கே வந்து சொல்வேன்” என்றார். அன்று மதியம் நாங்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. இரக்கமே இல்லாதவள், சிரிக்கத் தெரியாதவள். ஆனால் அன்றைக்குத்தான் நானும் அப்பாவும் பிஸ்கட்டவே ஊரில் பேசி முடித்திருந்த வீட்டைக் கைவிட்டோம். ஆப்பிள் மரம் இருந்தது, ஏன் வாங்கவில்லை என்று நீ ரொம்ப நாள் கேட்டாய். அந்த வருட முடிவில் என் வேலை போனது. டயான் சொன்னபடி வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். எட்டு மாதம் அப்பாவின் சம்பளத்தில் ஓட்டினோம். அந்த வீட்டை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை.

அதனால் உனக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. அவர்களுடைய காபி மூலையையும் வியாழக்கிழமைச் சாப்பாட்டையும் முதலில் மாற்றாதே. சேகர் சொன்னான், அங்கே ஒருவர் வாரா வாரம் பிரிஸ்கெட் கறி சமைத்துக் கொண்டுவருவாராம், மற்றவர்கள் தட்டு எடுத்து வருவார்களாம். அது உனக்கு வீண் நேரமாகத் தெரியலாம். அதுதான் அவர்களுடைய தேவாலயம். பழைய கம்பெனியைப் பற்றி உன் முன்னால் மட்டமாகப் பேசுகிறவனை நல்லவன் என்று நினைத்துவிடாதே. வாய் மூடி இருக்கிறவனைத் துரோகி என்றும் நினைக்காதே. போக நினைக்கிறவனை மரியாதையோடு போக விடு. உன் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான், ஜெயித்தவர்கள் என்ற நினைப்பில், உனக்கு அதிகத் தொல்லை தருவார்கள், பார்த்துக்கொள். எல்லாவற்றையும் விட, தெரியாததைத் தெரிந்ததுபோல் மைக்கில் சொல்லாதே. மேலே இருப்பவர்களிடம் போய், தேதியை அவர்களுக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் அங்கே நின்று பேச மாட்டேன் என்று கேள். சேகருக்காக மட்டும் கேட்காதே. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டின அந்த ஸ்டீவுக்கு விஷயத்தைச் சொல்ல நியூ ஜெர்சியில் ஓர் அக்கா கிடையாது. கேட்பதற்கு முன்னால், சேகர் உனக்கு யார் என்பதையும் சொல்லிவிடு.

இதையெல்லாம் எழுதுவது எனக்கு எளிது. உனக்கு வேலை போகலாம். ரகசியம் காக்கத் தெரியாதவன் என்று பெயர் வரலாம். ஒரு தாய் பிள்ளையிடம் இப்படிக் கேட்கலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். நீ என்னிடம் வாங்கிய “சரி”யையும் யோசித்தேன். அது உனக்குக் கொடுத்த வார்த்தை, அதை மீறினால் இனி நீ என்னிடம் எதையும் சொல்ல மாட்டாய் என்ற பயம் இருக்கிறது. உனக்கும் எனக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை போன் என்று ஒன்றுதான் மிச்சம். அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? ஆனால் சேகர் அந்த வீட்டில் பால் காய்ச்சும்போது நான் பக்கத்தில் நின்று, எல்லாம் தெரிந்துகொண்டு, பால் பொங்கிடுச்சு என்று சிரிக்க வேண்டும். அது என்னால் முடியாது. முடியும் என்று மூன்று நாளாக முயன்று பார்த்துவிட்டேன்.

இன்று புதன்கிழமை. இந்தக் கடிதத்தை இப்போதே உனக்கு அனுப்புகிறேன். நாளை மாலை வரை உனக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் நீயே உன் மாமாவிடம் போய் உட்கார்ந்து சொன்னால், நான் எதுவும் அறியாதவளாக இருந்துவிடுவேன். இல்லாவிட்டால் நாளை இரவு நான் அவனைக் கூப்பிட்டு, அந்த ஆபீஸ் அக்டோபரில் மூடப்படுகிறது, வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதே என்று சொல்லப் போகிறேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். மாப்ளைதான் உன்கிட்ட சொல்லச் சொல்லி அழுதான் என்பேன். உன் அப்பாவுக்குக்கூட இது இன்னும் தெரியாது.

அம்மா